மூணாம் குழியில ஊதா

அப்படி நான் சொல்லவே இல்ல ஷெரின். பொய்க்காரின்னு ஒரு வார்த்தை என் வாயில இருந்து வரல. கை நடுங்குதுன்னு சொன்னேன். ரெண்டும் ஒண்ணா? நடுங்குச்சா இல்லையா, நீயே சொல்லு. இடுக்கியப் பிடிச்சா உனக்கு மோதிர விரல் மட்டும் தனியா ஆடும், ஹாஸ்டல் மெஸ்ல சோறு பிசையும்போதும் ஆடும், நாலு வருஷம் எதிர்ல உக்காந்து பாத்திருக்கேன். இருக்கறதச் சொன்னா தப்பா? சரி, எல்லார் முன்னாடியும் சொன்னேன், அது தப்பு. எல்லாரும் சிரிக்கற மாதிரி சொன்னேன், அதுவும் தப்பு. ஆனா பொய்க்காரின்னு சொல்லல, அத மட்டும் என் தலையில கட்டாத. நீ ஒண்ணும் கட்டல, தெரியுது. மூணு வாரமா நீ ஒண்ணுமே சொல்லல. நான் அனுப்பின மெசேஜுல ரெண்டு டிக்கும் நிறம் மாறிருச்சு, அதுக்கு மேல ஒரு புள்ளி கூட வரல. பேசாம இருக்கறவகிட்ட சண்ட போடறது எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியாது, ஏன்னா நான் உன்கிட்ட ஒருநாளும் பேசாம இருந்ததில்ல. மணி ஒண்ணு இருபது. நாலு மணிக்கு என் செமினார். கலர் தண்ணி ஊத்தி கால் மணி நேரம் ஆச்சு, தட்டுல நாலு குழியிலயும் ஒரு மாற்றமும் இல்ல, தவளைக் கருவெல்லாம் வெளுத்துப்போய் வேகாத சேமியாத் துண்டு மாதிரி அடியில கிடக்கு. மூடு மேகலா, அலுமினியத் தாளப் போட்டு மூடு, வெளிச்சம் பட்டா தண்ணி கெட்டுரும். மூடிட்டேன். ஆட்டுற மெஷின் மேல தட்ட வச்சிட்டேன், அது பாட்டுக்கு இப்படியும் அப்படியும் தொட்டில் மாதிரி ஆட்டுது. திரை போட்ட ரூம், ஏசி உறுமுது, எனக்கு வேர்க்குது. செமினார் அன்னைக்கு மத்தியானம் எந்தப் பைத்தியமாவது எக்ஸ்பெரிமென்ட் வைக்குமா? வைக்கும். மூணு நாள் வேல இது, ஞாயித்துக்கிழம ஆரம்பிச்சேன், மூணாம் நாள் இன்னைக்குத்தான் விழுது, நான் என்ன பண்ண? பொய். போன வாரமே வச்சிருக்கலாம். அதுக்கு முந்தின வாரமும் வச்சிருக்கலாம். நீ ஃப்ரிட்ஜுல விட்டுட்டுப் போன டப்பாவத் திறந்த அன்னைக்கே வச்சிருக்கலாம்.

எங்கப்பா போன் பண்ணும்போதெல்லாம் ஒரே கேள்வி, அங்க என்னத்தம்மா பண்ற, தவளைய வச்சு. நான் சொல்வேன், அப்பா, ஒரு முட்ட ரெண்டாப் பிரியும், நாலாப் பிரியும், அப்புறம் எது தல எது வாலுன்னு அதுக்கு யாரு சொல்றது? உள்ளயே சில ஜீன் இருக்கு, அதுல செய்யற ஒரு சரக்க பக்கத்துல இருக்கற செல்லுக்கு அனுப்பி, நீ வளரு, நீ நிறுத்து, நீ வாலாகுன்னு சொல்லும். அந்தச் சரக்குக்குப் பேரு வளர்ச்சிக் காரணி. எந்த இடத்துல எந்த நேரத்துல அந்த ஜீன் பேசுதுன்னு கண்டுபிடிக்கறதுதான் என் வேல. ஜீன் பேசற இடத்துல மட்டும் போய் ஒட்டிக்கற மாதிரி ஒண்ணு செய்வோம், அதுக்கு ப்ரோப்னு பேரு, அப்புறம் கலர் தண்ணி ஊத்தினா ஒட்டின இடம் மட்டும் ஊதாவா மாறும். சும்மா நம்பிரக் கூடாதுன்னு எங்கயுமே ஒட்டாத ப்ரோப்பு ஒண்ணும் செஞ்சு வேற கருவுல போடுவோம், அது கன்ட்ரோல், அதுல எங்கயும் கலர் வரக் கூடாது. அப்பா எல்லாத்தையும் கேட்டுட்டு, அப்ப எப்ப முடியும்பாரு. அண்ணன் கல்யாணப் பத்திரிகையில என் பேருக்கு முன்னாடி முனைவர்னு போட்டாச்சு, சிவகாசியில அடிச்சு ஊரெல்லாம் குடுத்தாச்சு. நான் கேட்டேன், இன்னும் செமினாரே குடுக்கலையேப்பான்னு. கல்யாணத்துக்குள்ள குடுத்துருவேல்லம்மா, அப்புறம் என்னங்கறாரு. கல்யாணம் வர்ற பதினெட்டாந் தேதி. பாரு, எங்க போயிட்டேன். ஜீன். நம்ம ஜீன் வால் நுனியில பேசும், அது உலகத்துக்கே தெரியும். தலைக்குள்ள பேசும்னு சொன்னது நான். வால் மொட்டு விடற பருவத்துல, மூளைக்கு நடுவுல, ஊதாவா, மை ஊறின மாதிரி. என் பேப்பர்ல மூணாம் நம்பர் போட்ட படம் அது, படம் மூணு. எங்க கைடு சார் அந்தப் படத்த கம்ப்யூட்டர்ல பெருசு பண்ணி மூலைக்கு மூலை நகத்திப் பாத்தாரு, அப்புறம் என்னத் திரும்பிப் பாத்து, கைன்னா இதும்மா கைன்னு சொன்னாரு. நல்லசிவம் சார் வாயில இருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து யாரும் கேட்டதில்ல. அன்னைக்கு நான் தரையிலயே நடக்கல. நீயும் பக்கத்துலதான் இருந்த. நீ என்ன பண்ணின? திரைக்குக் கிட்டப் போய், கண்ணாடியத் தூக்கி விட்டுட்டு, ரொம்ப நேரம் பாத்த. நான் அதப் பொறாமன்னு நினைச்சேன்.

ரெண்டு மணி ஆகப் போகுது, பாத்துரலாம். ஒண்ணாவது குழி, நிஜ ப்ரோப், ஊசி போடாத கரு. ரெண்டாவது குழி, நிஜ ப்ரோப், தலையில ஊசியால ஓட்ட போட்ட கரு. மூணாவது, கன்ட்ரோல், ஓட்ட போடாதது. நாலாவது, கன்ட்ரோல், ஓட்ட போட்டது. ஒண்ணுலயும் ரெண்டுலயும் வால் நுனி லேசா ஊதா அடிக்குது, கண்ண இறுக்கிப் பாத்தா தெரியுது. தல? தலையில ஒண்ணும் இல்ல. மூணுலயும் ஒண்ணும் இல்ல. பாத்தியா, மூணுல ஒண்ணும் இல்ல, கன்ட்ரோல்லயும் தல ஊதாவாகும்னு நீ காட்ட வந்தது தப்பு, உன் கன்ட்ரோல நீ அழுக்குத் தண்ணியில கழுவியிருப்ப. இன்னும் ஒரு மணி நேரம் ஆகணும்னு தெரிஞ்சே சந்தோஷப்படறேன் பாரு. எட்டு மாசத்துக்கு முந்தின அந்தத் திங்கக்கிழம மீட்டிங்க யோசிக்கக் கூடாதுன்னு நினைக்கறேன், இந்த மெஷின் சத்தம் விட மாட்டேங்குது. அன்னைக்கு மேசையில ஒன்பது பேரு. நான் படத்தக் காட்டி முடிச்சேன், எல்லாரும் கை தட்டினாங்க, சார் கேள்வி இருக்கான்னு கேட்டாரு, அது சும்மா கேக்கறது, யாரும் கேக்க மாட்டாங்க. நீ கேட்ட. மெதுவாத்தான் கேட்ட. "ஒனக்க எம்பிரியோவுக்குத் தலையில ஊசி போட்டியா பிள்ளே?" அவ்வளவுதான். மூளைக்குள்ள தண்ணி நிக்கற பொந்து இருக்கு, ஓட்ட போட்டு விடலேன்னா ப்ரோப்பு உள்ள போய் வெளிய வர வழியில்லாம அங்கயே தங்கிரும், அப்புறம் கலர் தண்ணி ஊத்தினா ஜீன் பேசினாலும் பேசாட்டியும் அந்தப் பொந்து ஊதாவா மாறும், அத நீ அத்தனை பேர் முன்னாடி விளக்கக் கூட இல்ல, என் மானத்தக் காப்பாத்தத்தான் ஒரு வரியில கேட்டன்னு இப்பத் தோணுது. அப்பத் தோணல. அப்ப என் காதுக்குள்ள ரத்தம் ஏறுச்சு. நான் சொன்னேன், ஊசி போடற ஆச இருந்தா உங்கம்மா கூட ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே, இங்க எதுக்கு வந்த, நடுங்கற கையோட தவளையக் கொல்லவான்னு. உங்கம்மா நர்ஸ். நைட் டியூட்டி பாத்து உன்னப் படிக்க வச்சவங்க. ஹாஸ்டலுக்கு வந்தா எனக்கும் சேத்து நேந்திரங்கா வறுவல் கொண்டு வருவாங்க, என் கண் இமைய இழுத்துப் பாத்து ரத்தம் கம்மியா இருக்கு மக்களே கீரை தின்னும்பாங்க. அவங்கள இழுத்தேன். எதுக்கு இழுத்தேன்? கையில கிடைச்ச கல்லு அது. மேசையில எல்லாரும் சிரிச்சாங்க. சாரும் சிரிச்சாரு. நீ கைய எடுத்து மேசைக்கு அடியில வச்சுக்கிட்ட, ரெண்டு கையையும், ஏதோ திருடினத ஒளிக்கற மாதிரி. அதுக்கப்புறம் அந்த ரூம்ல உன் கைய யாரும் பாக்கல.

சோலைச்சாமி அண்ணன் கதவத் தள்ளிக்கிட்டு வர்றாரு, தவள ரூமப் பாத்துக்கறவரு, லுங்கி மேல வெள்ள கோட்டு. வெளிச்சம்ண்ணே, வெளிச்சம், கதவச் சாத்துங்கன்னு கத்தறேன். சாத்திட்டு நிக்கறாரு. ஈரல் வாட. ஆட்டு ஈரல பொடிசா நறுக்கித் தவளைக்குப் போட்டுட்டு வர்றாரு, கையக் கழுவினாலும் அந்த வாட போகாது. சாப்பிட்டியாம்மான்னு கேக்கறாரு. இல்லண்ணே. பாத்தா பரிட்சைக்குப் போற பிள்ள மாதிரி இருக்க, போய்த் தின்னுட்டு வா, நான் பாத்துக்கறேன்கறாரு. நீங்க எதப் பாப்பீங்க? ஊதாவாச்சுன்னா கூப்பிடறேன், ஊதா தெரியாதா எனக்குங்கறாரு. இருபது வருஷமா இந்த ஆப்பிரிக்கத் தவளைகள அவரு வளக்கறாரு, நாக்கே இல்லாத சாதி இது, இரைய ரெண்டு கையாலயும் வாய்க்குள்ள தள்ளும், வந்த புதுசுல நீ அதக் கண்ணாடித் தொட்டியில பாத்துட்டு, ஒனக்கு இருக்கற நாக்குல பாதி அதுக்குக் குடுக்கலாம் கேட்டியான்னு என்னச் சொன்ன. நானும் சிரிச்சேன். அப்பல்லாம் சிரிச்சோம். போறபோக்குல அண்ணன் சொல்றாரு, ஆறாம் நம்பர் தவள இன்னைக்குத்தான் ஒழுங்காத் தின்னுச்சு, சொன்னா ஷெரினுக்குச் சந்தோஷமா இருக்கும்னு. அவ உங்களுக்குப் போன் பண்ணுவாளான்னு கேட்டேன். மாசத்துக்கு ஒருக்கா பண்ணும்மான்னாரு. மார்த்தாண்டம் பக்கம் ஒரு ஸ்கூல்ல பதினொண்ணாங் கிளாசுக்கு எடுக்குதாம், தவளப் பாடம் வந்தா பிள்ளைங்களுக்கு நம்ம தொட்டிக் கதையெல்லாம் சொல்லுமாம். நான் வாய விட்டேன், எனக்கு எப்பவுமே வாய் முந்திக்கும். "என்னப் பத்தி ஏதாவது சொல்லுச்சாண்ணே?" அவரு கதவுல கைய வச்சுக்கிட்டு நின்னாரு. "உன்னப் பத்தி ஒண்ணும் சொல்லாதும்மா. தவளயப் பத்தித்தான் கேக்கும்." சாத்திட்டுப் போயிட்டாரு. வாட மட்டும் நிக்குது.

அந்த வாட. செவ்வாயும் வெள்ளியும்தான் ஈரல். இன்னைக்குச் செவ்வாய். ஏதோ ஒண்ணு நெஞ்சுல இடறுது, என்னன்னு தெரியல. விடு. ரெண்டு நாப்பது, தட்டத் திற. வால் நல்லா ஊதாவாயிருச்சு, ஒண்ணுலயும் ரெண்டுலயும் ஒரே மாதிரி, அழகா, நகத்துக்கு மருதாணி வச்ச மாதிரி நுனி மட்டும். ஒண்ணுல தலைக்குள்ள ஏதோ புக மாதிரி. ரெண்டுல தல சுத்தம். மூணுல தெரியல, நிழலா, தூசியா, என் கண் இமையா. மூடு. இப்ப முடிவு சொல்லக் கூடாது. அன்னைக்குக் கன்ட்ரோல ஒன்றரை மணி நேரத்துல எடுத்தேன். நிஜக் குழிய விட்டேன், குளிர் ரூம்ல வச்சு ராத்திரி முழுக்க விட்டேன், காலையில வந்து பாத்தா தல ஊதா. கன்ட்ரோல மட்டும் சாயங்காலமே கழுவிட்டேன், ஏன்னா ஊருக்குப் பஸ்ஸு, ஆறரை மணி விருதுநகர் பஸ், அத விட்டா அடுத்தது நிக்கற கூட்டம். கன்ட்ரோல்ல என்ன வரப் போகுது, அதுதான் ஒட்டாதே, அத எதுக்கு வச்சு வேடிக்க பாக்கணும்? ரெண்டையும் ஒரே நேரம் விடணும்ங்கறது முதல் வருஷத்துப் பிள்ளைக்குத் தெரியும். தெரியும், தெரியும், நான்தான அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கறேன். ஆனா பஸ்ஸு. ஒரு மனுஷி பஸ்ஸுக்குப் போகக் கூடாதா? அவசரம் யாருக்கும் வர்றதுதான். அவசரம் தப்பா இருக்கலாம், திருட்டு இல்ல. திருட்டுன்னு நீ சொல்லல, யாரும் சொல்லல, ஏன் அந்த வார்த்தை வருது? அந்தச் சாயங்காலம் சிங்க்குல நான் கன்ட்ரோல் தண்ணிய ஊத்தும்போது பக்கத்துல சோலை அண்ணன் ஈரல் வெட்டின பலகையத் தேச்சுக்கிட்டு இருந்தாரு. தள்ளுங்கண்ணே நாறுதுன்னு சொன்னேன். ஈரல். ஈரல் பலகை. அப்ப அது செவ்வாய். இல்ல வெள்ளியா இருக்கும், வெள்ளிக்கிழம ஊருக்குப் போவேன், பஸ்ஸு சரியா வரும். என் நோட்டு இங்கதான் இருக்கு, தேதி பாத்தாப் போச்சு. பாக்கலாமா வேண்டாமான்னு ஒரு நோட்ட கையில வச்சுக்கிட்டு நிக்கறது நானா? பாரு. பன்னெண்டாந் தேதி. செவ்வாய்க்கிழம. செவ்வாய்க்கிழம நான் எதுக்குடி விருதுநகருக்குப் போறேன், மறுநாள் காலையில லேப்ல நின்னு தலையப் படம் எடுத்தவ?

பஸ்ஸே இல்ல. பஸ்ஸ நான் அப்புறம் கட்டிக்கிட்டேன் போல. எத்தனை மாசம் அந்தப் பஸ்ஸுல போய்க்கிட்டே இருந்திருக்கேன். அன்னைக்கு என்ன நடந்துச்சு? மைக்ராஸ்கோப்புல குனிஞ்சேன், கன்ட்ரோல்ல, அந்தத் தலைக்குள்ள, ஒரு நெழல் இருந்துச்சு. இருந்துச்சு ஷெரின். வெளிறின ஊதா, கழுவின துணியில மிச்சமிருக்கற கறை மாதிரி. இருந்துச்சுன்னு எனக்கே நான் சொன்னதில்ல, கண்ணுல பட்டுச்சு, மனசுல பதியல, அதுக்குள்ள கை தட்ட எடுத்துருச்சு. இது இன்னும் கூடும்னு கைக்குத் தெரிஞ்சிருக்கு. கூடறதுக்குள்ள எடுத்துரணும்னு கைக்குத் தெரிஞ்சிருக்கு. என் கை நடுங்கவே இல்ல. சொட்டுச் சிந்தாம ஊத்துச்சு, அதத்தான் சார் கைன்னா இதும்மா கைன்னாரு. அஞ்சாவது வருஷம், ரெண்டு ஜீன் ஒண்ணும் தராம செத்துப் போச்சு, மூணாவது ஜீன்ல வால மட்டும் காட்டினா புதுசா என்னம்மா இருக்குன்னு கேப்பாரு, தல இருந்தா எல்லாம் இருக்கு. அதெல்லாம் யோசிச்சு ஊத்தல. யோசிக்காம ஊத்தினேன்னு சொல்லித் தப்பிக்கவும் முடியல. நீ அந்த நெழல உன் கன்ட்ரோல்ல பாத்த, கூடற வரைக்கும் அஞ்சு மணி நேரம் உக்காந்திருந்த. நான் பாத்தேன், ஊத்தினேன். நமக்குள்ள வித்தியாசம் அவ்வளவுதான், விரல் ஆடறதெல்லாம் ஒரு வித்தியாசமா?

மூணு வாரம் முன்னாடி ஃப்ரிட்ஜக் காலி பண்ணும்போது கிடைச்ச டப்பா இந்தா இருக்கு. உன் டப்பா. சின்னச் சின்ன பாட்டில், பென்சில்ல எழுதின சீட்டு, பேனா எழுத்து ஆல்கஹால்ல கரைஞ்சு போகும்னு நீ எல்லாத்தையும் பென்சில்ல எழுதுவ, எழுத்தும் கொஞ்சம் ஆடும். கன்ட்ரோல், அஞ்சு மணி நேரம், ஊசி போடாதது, அதுக்குக் கீழ சின்னதா, மேகலாகிட்ட தனியாக் காட்டணும். தனியா. பாட்டில ஆட்டினேன், பத்துக் கருவும் தலையில ஊதாவோட மிதந்து வந்துச்சு. அத மேசைக்கு அடியில தரையில உக்காந்து பாத்தேன், ஃப்ரிட்ஜ் திறந்தே கிடந்துச்சு. தனியாக் காட்ட நினைச்சிருக்க, நான்தான் அந்த வாரம் முழுக்கப் பேப்பர் எழுதறேன், தொந்தரவு பண்ணாதன்னு உன்ன ரெண்டு தடவை விரட்டினேன். அப்புறம்தான் மீட்டிங்குல கேட்ட. அதுக்கப்புறம் ஒரு மாசம் வந்த, வந்து மூலையில உக்காந்து ஒண்ணும் தொடாம போன. உனக்குக் கை ஒத்துவரல, வேற வேல பாத்துக்கோம்மான்னு சார் தன் ரூம்ல வச்சுச் சொன்ன அன்னைக்கு நான் கதவுக்கு வெளிய லேப்லதான் இருந்தேன், ஹெட்போன் மாட்டிக்கிட்டு. பாட்டு எதுவும் ஓடல. பேப்பர் வந்துச்சு, படம் மூணோட. நன்றின்னு கடைசியில உன் பேரப் போட்டேன், ஷெரின் ஜெபா, தவளைப் பராமரிப்பு உதவிக்காக. அத வேற செஞ்சேன்.

மூணு பத்து. கதவு. இந்தத் தடவை சார். சட்டைய மடிச்சு விட்டிருக்காரு, தலையச் சீவியிருக்காரு, வெளியூர்ல இருந்து கமிட்டி வந்திருக்குல்ல. இங்க என்னம்மா பண்ற, ஸ்லைடு போட்டுப் பாக்கலையாங்கறாரு. பழையத திருப்பிப் பண்றேன் சார், ஊசி போட்டும் போடாமலும்னு சொல்றேன். அவரு ஆட்டுற மெஷினப் பாக்கறாரு, அலுமினியத் தாளப் பாக்கறாரு, மைக்ராஸ்கோப் ரெண்டடி தள்ளி இருக்கு, குனிஞ்சாப் போதும். குனியல. "முடிஞ்சதப் போட்டு எதுக்கும்மா கிளறிக்கிட்டு?" அவ்வளவு சாதாரணமாச் சொன்னாரு. படம் மூணு வரும்போது கொஞ்சம் நிறுத்திப் பேசு, வந்திருக்கவங்க அதுக்குத்தான் வந்திருக்காங்கன்னாரு. போயிட்டாரு. குனியலையே, எதுக்குக் குனியல? ஒரு எம்பிரியோவப் பாக்காம இந்த ரூமத் தாண்டாத மனுஷன், குழந்தையத் தொட்டில்ல எட்டிப் பாக்கற மாதிரி எட்டிப் பாக்கறவரு. எனக்கு உன் நோட்டு ஞாபகம் வந்துச்சு. போறவங்க நோட்ட லேப்லயே விட்டுட்டுப் போகணும்ங்கறது இங்க சட்டம், அலமாரி மேல தூசியோட இருக்கு, ஸ்டூலப் போட்டு எடுத்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் எல்லார் நோட்டும் சார் மேசைக்குப் போகும், ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழ பச்சை மையில கையெழுத்துப் போட்டு வரும், பச்சை இல்லாத பக்கம் நடக்காத வேலன்னு சொல்வாரு. புரட்டறேன். உன் பென்சில். கன்ட்ரோல் கருவிலும் தலைக்குள் ஊதா, நான்கு தடவை செய்தும் அப்படியே, மேகலாவின் படத்தைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். கீழ பச்சை. தேதியோட. மீட்டிங்குக்கு ரெண்டு நாள் முன்னாடி, சனிக்கிழம. சனிக்கிழம கையெழுத்துப் போட்டவரு திங்கக்கிழம என் ஜோக்குக்குச் சிரிச்சாரு. ஒரு நிமிஷம் எனக்கு எவ்வளவு லேசா இருந்துச்சு தெரியுமா? அப்பாடா, அவரு. நான் இல்ல, அவரு. அந்த ஒரு நிமிஷத்துக்கு உன்கிட்டத் தனியா மன்னிப்புக் கேக்கணும். அவரு கையெழுத்துப் போட்டாரு, சரி, தண்ணிய ஊத்தினது யாரு? சிரிச்சாரு, சரி, சிரிக்க வச்சது யாரு? அவரு நூறு பக்கத்த ஒரு மணி நேரத்துல போடறவரு, படிக்காமக் கூட போட்டிருக்கலாம், வாரா வாரம் படிக்காமப் போட்டிருக்கலாம், அப்ப அந்தப் பச்சைக்கு என்ன அர்த்தம், நாங்க அஞ்சு வருஷமா எதுக்குச் சனிக்கிழம சனிக்கிழம நோட்டத் தூக்கிக்கிட்டு ஓடினோம்?

மூணு நாப்பது. திற. ஒண்ணு, வாலும் தலையும் ஊதா, என் படம் மூணு அச்சு அசலா. ரெண்டு, வால் மட்டும், தல பால் மாதிரி. நாலு, ஒண்ணும் இல்ல. மூணு. குனியறேன். கண்ணாடி ஆவி பிடிக்குது, என் மூச்சுதான், துடைச்சுட்டுத் திருப்பிக் குனியறேன். மூணாம் குழியில பத்துக் கரு. வாலெல்லாம் வெள்ள. தலைக்குள்ள ஊதா, பத்துலயும் ஊதா, ஜீன் பேசாத இடத்துல, யாரும் ஒண்ணும் பேசாத இடத்துல, வெளிய வர வழியில்லாம தேங்கிப் போன ஊதா. எவ்வளவு அழகா இருக்கு பாரு சனியன். எண்ணினேன், திருப்பி எண்ணினேன். இடுக்கிய எடுத்து ஒண்ணத் திருப்பிப் போடலாம்னு பாத்தா இடுக்கி குழி விளிம்புல டிக்டிக்னு தட்டுது, என்ன சத்தம்னு பாத்தா என் கை. மோதிர விரல் இல்ல, மொத்தக் கையும். போட்டோ எடுத்தேன், நாலு குழியும், ஒரே வெளிச்சம், ஒரே அளவு. பென்டிரைவ்ல ஏத்தினேன். உன் நம்பர்ல அந்த மூணாம் குழியப் போட்டு அனுப்பினேன், கீழ என்ன எழுதறதுன்னு தெரியல, மன்னிச்சுருன்னு எழுதி அழிச்சேன், நீ சொன்னது சரின்னு எழுதினேன், அதுவும் நான் உனக்கு மார்க் போடற மாதிரி இருந்துச்சு, அழிச்சேன். ஊசி போடல பிள்ளேன்னு எழுதி அனுப்பினேன். நீ கேட்டதுக்குப் பதில் அதுதான, எட்டு மாசம் லேட்டு. ஒரு டிக். உனக்கு இப்பக் கடைசி பீரியடு இருக்கும், போன ஆஃப் பண்ணிருப்ப.

செமினார் ஹால்ல முன் வரிசையில கமிட்டி, பக்கத்துல சார், பின்னாடி நாப்பது பேரு, கடைசியில கதவோரமா சோலை அண்ணன் நின்னுக்கிட்டு இருக்காரு, உக்கார மாட்டாரு. வளர்ச்சிக் காரணின்னா என்ன, வால் எப்படி உருவாகுது, எல்லாம் மனப்பாடம், வாய் பாட்டுக்குச் சொல்லுது, இங்கிலீஷ்ல, யாரோ பேசற மாதிரி. பத்திரிகையில போட்ட முனைவர் கண்ணுக்கு முன்னாடி வந்து போச்சு, கல்யாண மண்டபத்துல சொந்தக்காரங்க கேக்கப் போற கேள்வி வந்துச்சு, போகட்டும். படம் மூணு. சார் நாற்காலியில முன்னாடி சாஞ்சாரு. நான் நிறுத்தினேன், அவரு சொன்ன மாதிரியே. அடுத்த ஸ்லைடப் போட்டேன், இன்னைக்கு எடுத்த நாலு குழி. மூணாவதத் தொட்டுக் காட்டினேன். இது கன்ட்ரோல், இதுலயும் தலையில கலர் இருக்கு, இது ஜீன் இல்ல, தேங்கின தண்ணி, என் பேப்பர்ல இருக்கற படம் தப்பு, அன்னைக்குக் கன்ட்ரோல நான் பாதியில எடுத்துட்டேன், எடுக்கும்போது கலர் வர ஆரம்பிச்சிருந்துச்சு, பாத்தேன், தெரிஞ்சேதான் எடுத்தேன். இங்கிலீஷ்ல ஆரம்பிச்சது எங்கயோ தமிழாயிருச்சு. இதக் கண்டுபிடிச்சது நான் இல்ல, ஷெரின் ஜெபா, இந்த லேப்லதான் இருந்தா, நான் அவளையும் அவங்கம்மாவையும் கேவலமாப் பேசினேன், அன்னைக்கு மேசையில இருந்த எல்லாரும் சிரிச்சீங்க, அது என் தப்புன்னு சொன்னேன். சார் எந்திரிச்சாரு, முகத்துல கோபம் கூட இல்ல, பரிதாபமா ஒரு சிரிப்பு, டென்ஷன்ல இருக்கம்மா, ரூமுக்கு வா, உக்காந்து பேசுவோம்னாரு. உன் நோட்டு என் கையில இருந்துச்சு. திறந்து மைக்குக்குப் பக்கத்துல வச்சேன், பக்கம் ஆடுச்சு, ஆடட்டும்.

"ரூம்ல வேண்டாம் சார். அவகிட்டயும் எல்லாத்தையும் ரூம்லதான் பேசினீங்க. இது அவ நோட்டு, அந்தச் சனிக்கிழமப் பக்கம், கன்ட்ரோல்ல தல ஊதான்னு எழுதியிருக்கா, கீழ பச்சை மையில உங்க கையெழுத்து. நான் செஞ்சத நான் சொல்லிட்டேன். நீங்க இதப் படிச்சுட்டுப் போட்டீங்களா, படிக்காமப் போட்டீங்களா? ரெண்டுல எதுன்னு இங்கயே, இவங்க எல்லாரும் கேக்க, சொல்லுங்க சார்."